பெரியம்மாவின் போட்டி நோட்டு

கோயம்புத்தூர்ப் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று, கொடியில் காயப் போட்ட புடவையை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்தக் காற்றில் போய் யாராவது தக்காளி நாற்று நடுவார்களா? நட்டார்கள், சகோதரிகளே! ஒருவர் இருவர் இல்லை, 22 வீட்டுக்காரர்கள். அத்தனை பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் என் பெரியம்மாவும் ஒருவர்.

பெரியம்மா இருப்பது கோவைக்கு மேற்கே, மலை பார்த்த ஒரு முதியோர் குடியிருப்பில். "முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டீங்களாமே?" என்று கல்யாண வீட்டில் ஒரு அம்மாள் என்னைக் கேட்டார். இல்லம் வேறு, குடியிருப்பு வேறு என்று அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் பந்தி முடிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொருவருக்கும் தனி வீடு. சமையல்கட்டு உண்டு, சமைக்க முடியாவிட்டால் பொதுச் சாப்பாட்டுக் கூடம் உண்டு. நர்ஸ் உண்டு. வாசலில் நாலு செடி வைக்க இடம் உண்டு. இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்க, பெரியப்பா காலமான பிறகு பொள்ளாச்சி வீட்டில் தனியாக இருக்க மனமில்லாமல், பெரியம்மா தாமாகவே தேடிப் போய்ச் சேர்ந்த இடம் இது. 9 வயதில் அம்மாவை இழந்த என்னை வளர்த்தவர் அவர்தான். "எங்கூட ஈரோட்டுக்கு வந்துடுங்க பெரியம்மா" என்று எவ்வளவோ கெஞ்சினேன். "உன்ர வீட்ல நானு விருந்தாளி கண்ணு. இங்க நாந்தான் வீட்டுக்காரி" என்று சொல்லிவிட்டார். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவரிடம் அதற்கு மேல் வாதாட முடியுமா?

இப்போது போட்டிக்கு வருகிறேன். 2024 ஆடிப்பெருக்கு அன்று ஆரம்பித்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு முடிவு. ஆளுக்கு மூன்று வளர்ப்புப் பைகள். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று எல்லோருக்கும் ஒரே கலவை. ஒரு பையில் கத்தரி, ஒரு பையில் தக்காளி. மூன்றாவது அவரவர் இஷ்டம். நாற்றுகளும் ஒரே தட்டிலிருந்து எடுத்தவை. "எனக்கு மட்டும் சோனி நாற்று குடுத்துட்டா" என்று பிற்பாடு யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது பாருங்கள்!

மார்க் எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். செடியின் ஆரோக்கியத்துக்கு 40, காய்களின் எடைக்கு 30, சமையல்கட்டுக் கழிவில் தாமே உரம் தயாரித்ததற்கு 20, தினமும் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுதி வைப்பதற்கு 10. முதல் பரிசு ஒரு பித்தளைப் பூவாளி. நடுவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேயே ஒரு வீட்டில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. "நான் போட்டியில சேந்தா நல்லா இருக்காது, பாத்துக்கிடுங்க" என்று தாமாகவே விலகி நடுவராகி விட்டார்.

குழந்தைகள் தோற்றார்கள் போங்கள்! ஒரு பாங்கு மானேஜர் மாமா - ரிடையர் ஆனவர்தான் - ஒவ்வொரு இலையையும் எண்ணிக் கணக்கு வைத்தார். பெரியம்மாவுக்குப் பக்கத்து வீட்டு மயிலாப்பூர் மாமி, மூன்றாவது பையில் வெண்டை விதையை ஊன்றிவிட்டு, அது முளைக்கும் வரை விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்ததில் இரண்டு விதை வெளியே வந்தே விட்டது. ராணுவத்தில் இருந்த மாமா ஒருவர் கத்தரி பூ விட்ட மறுநாளே, உழவர் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயைக் கறுப்பு நூலால் செடியில் கட்டித் தொங்கவிட்டு, பாங்கு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பாங்கு மாமா ஆபீசுக்கே போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்! விஷயம் வேடிக்கை என்று தெரிந்த பிறகும் இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மயில் வந்து இருவர் தக்காளிச் செடியையும் கொத்திவிட்டுப் போனதில் சமாதானம் ஆகிவிட்டது.

மயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கோவையைச் சுற்றித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணீர் விடுவார்கள். அவசரத்துக்குப் பழைய கொசுவலையைக் கிழித்து மேலே போடுகிறார்கள். தக்காளி நன்றாகச் சிவக்கும் வரை செடியில் விட்டால் அது மயிலுக்கு. பச்சை மாறி லேசாக நிறம் திரும்பும்போதே பறித்துவிட்டால் நமக்கு. பறித்த பழம் சமையல் மேடையில் இரண்டு மூன்று நாளில் தானாகவே பழுத்துவிடும். குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், பழுப்பது நின்றுபோகும்.

நான் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பெரியம்மாவைப் பார்க்கப் போவேன். பெரியவனுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை, சின்னதுக்குச் சளி என்று நடுவில் தவறும். ஆவணி முழுக்கச் செடிகள் அப்படி இருந்தன! காற்றுக்குச் சாயாமல் கம்பு ஊன்றி, பழைய வாயில் புடவையின் ஓரத்தை நாடாவாகக் கிழித்து, எட்டுப் போல வளைத்துக் கட்டியிருந்தார் பெரியம்மா. கயிறு போட்டால் தண்டு அறுந்துபோகும், துணி என்றால் மெத்தென்று பிடித்துக்கொள்ளும். "ஊர்ல வாழைக்கு முட்டுக் குடுக்கறதப் பாத்து வளந்தவ நானு. இந்தக் காத்தெல்லாம் எனக்கொரு காத்தா கண்ணு?" என்று கேட்டார்.

புரட்டாசி முதல் வாரம் போனபோது கத்தரிச் செடி தலை தொங்கி நின்றது.

"புழுவுங்க பெரியம்மா. நுனியைக் கிள்ளிப் போட்டா சரியாயிரும்" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி. கத்தரிக்குத் தண்டுத் துளைப்பான் வரும் என்று எங்கேயோ படித்திருந்தேன். நுனியைக் கிள்ளிப் பிளந்து பார்த்தோம். புழு இல்லை. வேப்ப எண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளித்தோம். அடுத்த தடவை போனபோது தக்காளியும் தொங்கியது. கீழ் இலைகள் எல்லாம் மஞ்சள்.

"தண்ணி பத்தலைன்னு நெனைக்கிறேன். பாரு, எப்பிடி வாடுதுன்னு" என்று பெரியம்மா பூவாளியை எடுத்தார். நானும் தலையாட்டினேன். வாடுகிற செடிக்குத் தண்ணீர் விடுவதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம்?

அண்ணாச்சி அந்தப் பக்கமாக வந்தவர், பையைப் பார்த்தார். குனிந்து ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டார். வெளியே எடுத்து எங்களிடம் காட்டினார். விரல் முழுக்கச் சேறு.

"யம்மா, இது தாகம் இல்ல. இது மூச்சுத் திணறல். வேருக்குந் காத்து வேணும்லா? எந்நேரமும் தண்ணியில நின்னா வேர் அழுகும். அழுகின வேர் தண்ணிய உறியாது. அப்பம் மேல செடி வாடும். நாம என்ன செய்யுதோம்? வாடுதேன்னு மேலும் மேலும் தண்ணி ஊத்துதோம்" என்றார்.

கத்தரியைப் பிடுங்கிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகக் குழைந்து, ஒரு மாதிரி நாற்றம் அடித்தது. புழு தாக்கினால் நுனி மட்டும் தொங்கும். வேர் அழுகினால் செடி முழுக்கத் தொங்கும், மண் ஈரமாகவே இருக்கும், கீழ் இலை மஞ்சளாகும். இந்த வித்தியாசத்தை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதிச் செடிகளைக் காப்பாற்றி விடலாம். விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பையின் அடியில் துளைகள் மண் அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

"எத்தனை தடவை தண்ணி விடுதிய?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"காலைல ஒருக்கா. அவ்வளவுதானுங்க" என்றார் பெரியம்மா, டீச்சருக்கே உரிய கண்டிப்போடு.

எனக்கு அது சரியாகப் படவில்லை. துளையில் அடைப்பு இல்லை. கலவையும் எல்லோருக்கும் ஒன்றுதான். தினம் ஒரு தடவை தண்ணீர் விட்டு இப்படி ஆகுமா? பெரியம்மா காபி கலக்க உள்ளே போனதும், திண்ணை மேல் இருந்த போட்டி நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

என்ன அழகான கையெழுத்து! தேதி சிவப்பு மையில், விவரம் நீல மையில். ஆவணி மாதத்துப் பக்கங்களில் எல்லாம் ஒரு நாளுக்கு ஒரு வரி. "காலை 6.15. மூன்று பைக்கும் தண்ணீர்." புரட்டாசிக்கு வந்தால் ஒரே தேதியில் இரண்டு வரி. அப்புறம் மூன்று வரி. "காலை 6.15. மூன்று பைக்கும் தண்ணீர்." "காலை 6.50. மூன்று பைக்கும் தண்ணீர்." "காலை 8.00. மூன்று பைக்கும் தண்ணீர்." ஒவ்வொன்றும் முதல் தடவை எழுதுவது போலவே, அதே பொறுமையோடு, அதே அழகோடு.

எனக்குக் கை நடுங்கியது, சகோதரிகளே. அப்போதுதான் வேறு சிலதும் ஞாபகம் வந்தன. முந்தின மாதம் காபியில் சர்க்கரை போடாமலே இரண்டு தரம் கொடுத்தார். என் சின்னவளை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். போனில் சொன்ன சேதியையே அரை மணி கழித்துப் புதிதாகச் சொன்னார். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துவிட்டு நான்தான் விட்டிருந்தேன்.

காபியோடு வந்தவர் என் கையில் நோட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, "நானும் போன வாரமே பாத்துட்டேன்" என்றார். "பக்கத்தக் கிழிச்சுரலாம்னுகூட நெனச்சேன். மனசு வரல. எழுதினதக் கிழிக்கப்படாதுன்னு எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!"

"ஏன் பெரியம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? ஆபீஸ்ல சொல்லுவ. அவங்க என்னய அந்தப் பக்கம் மாத்திருவாங்க."

அந்தப் பக்கம் என்பது, தாமாக இருக்க முடியாதவர்களுக்கு என்று வளாகத்தின் கோடியில் இருக்கிற கட்டிடம். அங்கே எப்போதும் ஆள் துணை உண்டு. நல்ல கவனிப்புதான். ஆனால் திண்ணை கிடையாது, சாவி கிடையாது, சமையல்கட்டு கிடையாது. "இங்க நாந்தான் வீட்டுக்காரி" என்று சொன்னவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அன்று ராத்திரி ஈரோட்டுக்குத் திரும்பி, இவரிடம் சொல்லி அழுதேன். இவர் எப்போதும் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "முதல்ல டாக்டர்கிட்டக் காட்டு. அழறதா இருந்தா அப்புறம் அழுதுக்கலாம்" என்றார். அப்போது கோபமாகத்தான் வந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய், பெரியம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கையோடு அந்த நோட்டையும், அவர் சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனோம். இது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். டாக்டர் அந்த அம்மாள் நோட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். எப்போதிலிருந்து மாறியது என்று தேதியோடு இருந்ததே! அப்புறம் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சர்க்கரைக்காக 12 வருஷமாக மெட்பார்மின் சாப்பிடுகிறார். பெரியப்பா போன நாளிலிருந்து சுத்த சைவம். பாலும் தயிரும்கூட, சளி பிடிக்கும் என்று சொல்லிப் பாதிக்கு மேல் விட்டுவிட்டார். தூக்கம் வரவில்லை என்று எப்போதோ ஒருவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

டாக்டர் எங்களுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். மறதி என்றாலே திரும்பி வராத வியாதி என்று முடிவு கட்டிவிடக் கூடாதாம். பி12 என்கிற வைட்டமின் குறைந்தால் மறதி வரலாம். கால் மரத்துப்போகும், தடுமாற்றமும் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். மனச்சோர்வு, காது மந்தம், சில தூக்க மாத்திரைகள் - இவையும் மறதி மாதிரியே தோன்றும். பி12 இயற்கையில் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. காய்கறி, கீரையில் கிடையாது. மெட்பார்மினை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சத்து குறைய வாய்ப்பு ஜாஸ்தி. அதற்காக அந்த மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது; ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தூக்க மாத்திரையையும் அப்படியே, திடீரென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

பெரியம்மாவுக்கு பி12 மிகவும் குறைவாக இருந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். "இதனாலேயே எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் பார்ப்போம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாபகத்துக்கு என்று ஒரு சோதனையும் செய்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னபோது பெரியம்மா, "நானு பிள்ளைகளுக்கு வரைஞ்சு காட்டினதையே எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்றார். ஆனால் வரையும்போது பென்சில் நடுவில் நின்றது. எனக்கு அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போட்டி முடிய இன்னும் கொஞ்ச நாட்களே இருந்தன. "போதும் பெரியம்மா, விலகிக்கலாம்" என்றேன். கேட்டால்தானே! தக்காளிப் பையைச் சாய்த்து நீரை வடித்து, நாலு நாள் சும்மா விட்டு, அழுகின இலைகளைக் கிள்ளிப் போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார். கத்தரி போன பையில் பழைய மண்ணை எடுத்துக் கொட்டிவிட்டு, புதுக் கலவை போட்டு வெந்தயத்தை விதைத்தார். வெந்தயக் கீரை 20, 25 நாளில் பறிக்கத் தயாராகிவிடும். உங்கள் வீட்டில் ஜன்னல் ஓரத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பி இருந்தால்கூடப் போதும், அடியில் துளை போட்டு வெந்தயம் தூவிப் பாருங்கள். குழந்தைகளுக்கு விதை முளைப்பதைக் காட்ட அதைவிட நல்லது ஒன்றும் இல்லை. மூன்றாவது பையில் கொத்தவரை. அது தண்ணீர் ஜாஸ்தியானதில் பாதிதான் தேறியது.

தண்ணீர் விஷயத்துக்குப் பெரியம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். திண்ணையில் இரண்டு கொட்டாங்கச்சி. ஒன்றில் ஏழு கூழாங்கல். தண்ணீர் விட்டதும் ஒரு கல்லை எடுத்து அடுத்த கொட்டாங்கச்சியில் போட வேண்டும். அன்றைய கிழமைக்கு எத்தனை கல் இருக்க வேண்டுமோ அத்தனை இருந்தால் தண்ணீர் விட்டாயிற்று என்று அர்த்தம். பக்கத்திலேயே தேதி கிழிக்கிற காலண்டர். மாத்திரைக்கும், கிழமை போட்ட டப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

இதை எழுதும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வயதானவர்கள் தோட்ட வேலை செய்வது நல்லதுதான். ஆனால் கீழே விழுந்துவிட்டால் எல்லாம் போச்சு. அங்கே போட்டியில் இருந்த ஒரு பாட்டியம்மா, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், குனிந்து களை எடுத்துவிட்டுச் சட்டென்று நிமிர்ந்ததில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. அதற்குப் பிறகு எல்லாப் பைகளையும் செங்கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தார்கள். அருகில் ஒரு நாற்காலி. வெயில் ஏறும் முன் வேலை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வருவது. ஈரத் தரையில் ரப்பர் செருப்பு வேண்டாம், வார் வைத்த செருப்பு. தண்ணீர்க் குழாயை வழியில் நீட்டிப் போடவே கூடாது. உங்கள் வீட்டு மாமியார் மாடித் தோட்டம் வைத்திருந்தால் இவற்றை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். நாம் போய்விடக் கூடாது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வந்தது. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் வானம் வெளுத்துவிட்டது. அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, காய்கறித் தராசோடு வீடு வீடாக வந்தார். பின்னாலேயே 22 வீட்டுக்காரர்களும் ஊர்வலம். பாங்கு மாமா வீட்டில் கத்தரிக்காயை நிறுக்கும்போது ராணுவ மாமா, "நூல் இருக்கான்னு பாத்துட்டு நிறுங்க!" என்றதும் ஒரே சிரிப்பு.

எங்கள் முறை வந்தது. தக்காளி 600 கிராம். மற்றவர்கள் எல்லாம் ஒன்றரை, இரண்டு கிலோ. வெந்தயக் கீரை மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. போட்டிக்குக் கத்தரிதானே கணக்கு! நோட்டைக் கேட்டார் அண்ணாச்சி. பெரியம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் எடுத்து வந்து நீட்டினார். கிழிக்கவில்லை. அந்தப் பக்கங்கள் அப்படியே இருந்தன. கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில், "புரட்டாசியில் ஒரே நாளில் மூன்று முறை தண்ணீர் விட்டிருக்கிறேன். மறந்து மறந்து விட்டேன். கத்தரி அதனால் போயிற்று. வைத்தியம் நடக்கிறது" என்று எழுதியிருந்தார். திருத்தின பரீட்சைப் பேப்பரில் டீச்சர் எழுதுவார்களே, அது மாதிரி.

அண்ணாச்சி படித்தார். நோட்டை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பாங்கு மாமா எட்டிப் பார்த்தபோதும் கொடுக்கவில்லை. "நோட்டுக்குப் பத்துக்குப் பத்து" என்று மட்டும் சொன்னார்.

"என்னத்துக்குங்க அண்ணாச்சி மறைக்கறீங்க? படிக்கட்டும்" என்றார் பெரியம்மா. தாமே வாங்கி அந்தப் பக்கத்தைப் பிரித்து மாமியிடம் கொடுத்தார்.

மாமி படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம், நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், மாமி பின்வாசல் வழியாக வந்தார். "ஏண்டிம்மா, அந்த டாக்டர் என்னிக்கெல்லாம் இருப்பா? அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்து போயிடறேன். இந்த மாசம் நாலு பாத்திரம் தீஞ்சு போயிடுத்து. பம்பாய்ல பிள்ளைகிட்டச் சொன்னா, வீட்டைக் காலி பண்ணிண்டு வான்னுடுவன். அதான் சொல்லலே" என்றார். பெரியம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, "சேந்தே போலாங்க. எனக்கும் ஊசி இருக்குது" என்றார்.

பூவாளி யாருக்கு என்று சொல்லவில்லையே! மாடி வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பெரியவருக்கு. பால்கனியை விட்டு இறங்கவே முடியாதவர். மூன்றாவது பையில் பசலைக் கொடியை ஏற்றி, பால்கனிக் கம்பி முழுக்கப் பச்சைத் திரை போட்டிருந்தார். அவர் மனைவி காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு பழைய மண்பானையில் செய்த உரம், கையில் எடுத்தால் மழை மண் வாசனை அடித்தது. அதற்கு 20க்கு 20. பாங்கு மாமாவுக்கு இரண்டாம் இடம். ஒன்றரை மார்க்கில் போயிற்று என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை செய்தார்கள். முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. கடிகாரம் முழுசாக வந்தது. கால் மரத்துப்போவது குறைந்துவிட்டது. பேர்கள் இன்னும் சில சமயம் தடுமாறுகின்றன. டாக்டர் வருஷம் ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆபீசில் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதைக்கு வீடு மாற்ற வேண்டாம், நர்ஸ் காலையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஏற்பாடு ஆகியிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

2025 ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"கண்ணு, இந்தத் தடவை மூணாவது பைக்குப் பீர்க்கன் போடட்டுமா, பொடலை போடட்டுமா?"

"பீர்க்கன் போடுங்க பெரியம்மா. சாயங்காலந்தான் பூக்கும். நீங்களும் மாமியும் திண்ணைல உக்காந்து பாக்கலாம்."

"அதுஞ்செரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதயே நானு மத்தியானமும் கேட்டனா?" என்றார்.

கேட்டிருந்தார். ஆமாம் என்று சொன்னேன்.

"அப்ப என்ன சொன்ன?"

"பீர்க்கன்னுதான் சொன்னேன்."

"செரி. நோட்டுல எழுதிக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்.